தாணே கழிமுகச் சேறு முதல் கொழுப்பைத் தடுக்கும் மூலக்கூறு வரை: கடல் பூஞ்சை ஆய்வுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உடல் பருமனுக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் ஆர்லிஸ்டாட் மாத்திரை மண்ணிலிருந்து வந்தது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் டாக்சிட்ரிசினி என்ற பாக்டீரியா லிப்ஸ்டாட்டின் என்றொரு பொருளைத் தயாரிக்கிறது. 1980களில் ஹாஃப்மன்-லா ரோஷ் நிறுவன ஆய்வாளர்கள் அதைப் பிரித்தெடுத்து, அதன் அமைப்பில் ஹைட்ரஜனைச் சேர்த்து நிலைப்படுத்தியதுதான் ஆர்லிஸ்டாட். 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. சாப்பாட்டோடு 120 மில்லிகிராம் எடுத்தால், உண்ட கொழுப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் உடலில் சேராமல் வெளியேறிவிடும்.

பூஞ்சைகளுக்கும் இந்தப் பெருமை உண்டு. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளின் தொடக்கமான காம்பாக்டினை ஜப்பானின் அகிரா எண்டோ 1970களில் பெனிசிலியம் சிட்ரினம் பூஞ்சையிலிருந்து எடுத்தார். லோவாஸ்டாட்டின் ஆஸ்பெர்ஜில்லஸ் டெர்ரியஸ் தந்தது. கடலோரத்துக்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. 1945இல் இத்தாலியின் சார்டினியா தீவில், காலியாரி நகரத்துச் சாக்கடை கடலில் கலக்கும் இடத்திலிருந்து ஜுசெப்பே புரோட்ஸு எடுத்த பூஞ்சைதான் செஃபலோஸ்போரின் ஆன்டிபயாடிக்குகளின் மூதாதை.

சாக்கடை கடலில் கலக்கும் இடம் என்றால் மும்பைக்காரர்கள் தேடிப் போக வேண்டியதில்லை. செம்பூரிலும் தாராவியிலும் மாட்டுங்காவிலும் இருந்து கல்லூரிக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி எம்.எஸ்ஸி. படிக்கிறார்கள். புராஜெக்ட் என்று வந்ததும் வேப்பிலைச் சாறு, துளசிச் சாறு என்று பழைய தலைப்பையே எடுக்கிறார்கள். ஒரு மணி நேர ரயில் தூரத்தில் கழிமுகமும் அலையாத்திக் காடும் இருக்கும்போது இது எனக்கு மனசு கேட்காத விஷயம். அங்கிருந்து பூஞ்சை எடுத்து, உடல் பருமனைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறதா என்று அவர்கள் தேடுவதற்காகத்தான் இந்த வழிகாட்டி.

தலைப்பு நம் வீடுகளுக்கும் அந்நியமில்லை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோடு இருக்கிறார்கள். நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் அது 24 சதவீதம்தான்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். இந்தத் துறையில் "கிடைத்துவிட்டது" என்று தோன்றும் முடிவுகளில் பெரும்பாலானவை பொய். ஒன்று, பூஞ்சையிலிருந்து எடுத்த சாற்றின் நிறமோ அமிலமோ கொழுப்போ கருவியை ஏமாற்றியிருக்கும். இல்லையென்றால் சாறு செல்லைக் கொன்றிருக்கும். இரண்டும் இல்லையென்றால், யாரோ எப்போதோ கண்டுபிடித்துவிட்ட பொருளாக இருக்கும். இந்த மூன்றையும் தொடக்கத்திலேயே பிடிக்கும்படி திட்டம் போட்டவருக்குத்தான் கடைசியில் நம்பகமான ஒரு மூலக்கூறு மிஞ்சும்.

முதல் படி: எந்த வழியைத் தடுக்கப் போகிறீர்கள்?

"உடல் பருமனுக்கு எதிரான பொருள்" என்று பொதுவாகத் தேட முடியாது. எடை கூடுவதற்குப் பின்னால் பல வழிகள் இருக்கின்றன. ஒரு புராஜெக்ட்டுக்கு ஒரு வழி போதும்.

குடலில் கணைய லிபேஸ் என்ற நொதி கொழுப்பை உடைக்கிறது. உடைந்தால்தான் அது உடலுக்குள் போகும். ஆர்லிஸ்டாட் தடுப்பது இதைத்தான். அடுத்தது, முன்கொழுப்புச் செல்கள் முதிர்ந்த கொழுப்புச் செல்லாக மாறுவது. மூன்றாவது, பி.டி.பி.1பி என்ற நொதி. இன்சுலினும், பசியை அடக்கும் ஹார்மோனான லெப்டினும் செல்லுக்குச் சொல்லும் செய்தியை இது அணைத்துவிடுகிறது, அதனால் இதைத் தடுத்தால் பலன் கிடைக்கும் என்பது எதிர்பார்ப்பு. பசியைக் குறைப்பது, பழுப்புக் கொழுப்பில் வெப்பத்தைக் கூட்டுவது என்று இன்னும் உண்டு.

பசி, மூளை பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. அந்த வழியில் வந்த ரிமோனபான்ட் மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் காரணமாக 2008இல் ஐரோப்பாவில் நிறுத்தப்பட்டது. சிபுட்ரமின் இதய ஆபத்தால் 2010இல் சந்தையை விட்டுப் போனது, இந்தியாவிலும் தடையானது. மாணவர் ஆய்வகத்தில் இவற்றைச் சோதிக்கவும் வழியில்லை.

லிபேஸ் வேறு மாதிரி. தடுப்பான் குடலிலேயே வேலை செய்தால் போதும், ரத்தத்துக்குள் போகவே வேண்டாம். சோதனையும் மலிவு, ஒரு நாளில் பதில் வந்துவிடும். முதல் புராஜெக்ட்டுக்கு இதையே எடுங்கள். ஆர்லிஸ்டாட்டின் தொல்லைகளும் உண்டு என்பதை மறக்க வேண்டாம்: எண்ணெய் வடியும் மலம், ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் சரியாகச் சேராமை. குடலில் கொழுப்பைத் தடுக்கும் எந்தப் புதுப் பொருளும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

2025இல் டிர்செபடைட், செமாக்ளூடைட் எடைக்குறைப்பு ஊசிகள் இந்தியச் சந்தைக்கு வந்துவிட்டனவே, இனி எதற்குத் தேடல் என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள். ஊசி எல்லோருக்கும் ஏற்காது, விலையும் எல்லோருக்கும் எட்டாது, நிறுத்தினால் எடை திரும்பி வருவதும் தெரிந்த விஷயம். வேறு வழியில் வேலை செய்யும் பொருள்களுக்குத் தேவை அப்படியே இருக்கிறது.

இரண்டாம் படி: சேறு எடுப்பது

மும்பைக்கு அருகில் எடுக்கத் தக்க இடங்கள் பல. தாணே கழிமுகத்தின் இரு கரைகளிலும் அலையாத்திக் காடு இருக்கிறது. மேற்குக் கரையில் விக்ரோலி, பாண்டுப், கிழக்குக் கரையில் ஐரோலி. பாந்த்ராவிலும் ஹாஜி அலியிலும் பாறைக் கரை, அங்கே கடற்பாசிகள் கிடைக்கும்.

போவதற்கு முன் அனுமதி. மகாராஷ்டிராவில் அலையாத்திக் காடுகளை வனத்துறையின் மாங்குரோவ் பிரிவு பார்த்துக்கொள்கிறது. தாணே கழிமுகத்தின் ஒரு பகுதி ஃபிளமிங்கோ சரணாலயம். 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. சரணாலயத்துக்குள் ஒரு கரண்டி மண்ணை எடுக்கவும் எழுத்தில் அனுமதி வேண்டும். கல்லூரித் துறைத்தலைவரின் கையெழுத்தோடு இடம், அளவு, நோக்கம் மூன்றையும் எழுதி, தேவைப்படும் தேதிக்கு வெகு முன்பே விண்ணப்பியுங்கள்.

மழைக்காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, கழிமுகத்தில் நல்ல தண்ணீர் வந்து உப்பு குறைந்துவிடும். நிலத்துப் பூஞ்சை வித்துகளும் அடித்துக்கொண்டு வரும். நவம்பருக்குப் பிறகு எடுப்பது நல்லது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் மும்பைக் கடல் நாலு, ஐந்து மீட்டர் வரை ஏறி இறங்கும். கடல் நன்றாக உள்வாங்கிய நேரத்தில்தான் வேர்களுக்கு அருகே போக முடியும். ஓத அட்டவணை இணையத்தில் கிடைக்கிறது. ஆனால் எந்த இடத்தில் கால் புதையும் என்பது அட்டவணையில் இருக்காது, அது கோலி மீனவர்களுக்குத்தான் தெரியும். "தாதா, ஓஹோட்டி கதீ?" (அண்ணா, கடல் உள்வாங்குவது எப்போது?) என்று மராத்தியில் கேட்டாலே போதும், நேரத்தோடு எந்தப் பக்கம் இறங்கக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். தனியாக இறங்காதீர்கள்.

மேல் சேற்றை ஒதுக்கிவிட்டு, ஐந்து சென்டிமீட்டர் கீழே இருந்து, கிருமி நீக்கிய கரண்டியால் எடுத்து, கிருமி நீக்கிய பையில் போடுங்கள். வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர், உதிர்ந்து நீரில் கிடக்கும் இலை, மக்கிய கட்டை இவையும் எடுக்கலாம். சேற்றைவிடக் கட்டையில்தான் உண்மையான கடல்வாழ் பூஞ்சைகள் அதிகம் என்பது நெடுங்காலமாகத் தெரிந்தது. பை ஒவ்வொன்றிலும் இடம், தேதி, நேரம், உப்பு அளவு, பி.எச். எழுதுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே ஆய்வகம் சேருங்கள். டிரான்ஸ் ஹார்பர் ரயிலில் மாலைக் கூட்டம் ஏறும் முன் கிளம்பிவிட்டால் நிம்மதி.

மூன்றாம் படி: பூஞ்சையைப் பிரித்தெடுப்பது

உருளைக்கிழங்கு டெக்ஸ்ட்ரோஸ் அகர், மால்ட் அகர் இரண்டும் போதும். பாதி வலிமையில், கடல்நீரில் தயாரியுங்கள். மும்பைக் கரையோர நீர் அழுக்கானது. நல்ல கடல்நீர் கிடைக்காவிட்டால் செயற்கைக் கடல் உப்பை லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் கரைத்துக்கொள்ளலாம். பாக்டீரியா வளராமல் இருக்க குளோராம்பெனிகால் சேருங்கள். வேகமாக ஓடும் பூஞ்சைகள் தட்டை மூடிவிடாமல் இருக்க ரோஸ் பெங்கால் உதவும்.

சேற்றைப் பத்துமடங்கு, நூறுமடங்கு, ஆயிரமடங்கு நீர்த்துப் பரப்புங்கள். இலை, கட்டைத் துண்டுகளை 70 சதவீத எத்தனாலில் சில நொடி முக்கி, கிருமி நீக்கிய கடல்நீரில் கழுவி அகரில் வையுங்கள். கழுவிய கடைசி நீரையும் ஒரு தட்டில் ஊற்றிப் பாருங்கள். அதில் எதுவும் வளரவில்லை என்றால்தான் மேற்பரப்பில் ஒட்டியிருந்தது போய்விட்டது என்று அர்த்தம்.

25 முதல் 28 டிகிரியில் வையுங்கள். மூன்றாம் நாளே ஆஸ்பெர்ஜில்லஸும் பெனிசிலியமும் ட்ரைக்கோடெர்மாவும் முளைத்துவிடும். அவற்றை எடுத்துக்கொண்டு தட்டை வீசிவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. செய்யாதீர்கள். டேப் சுற்றி, நான்கு வாரம் வரை வைத்துப் பாருங்கள். இரண்டாம் வாரத்துக்கு மேல் ஓரத்தில் சின்னதாக, கறுப்பாகவோ தோல் மாதிரியோ தலை நீட்டுகிறவைதான் பலரும் பார்க்காத பூஞ்சைகள். புதுப் பொருளுக்கு வாய்ப்பு அங்கேதான் அதிகம்.

இழை நுனியை மட்டும் வெட்டிப் புதுத் தட்டுக்கு மாற்றி, தூய கல்ச்சர் கிடைக்கும் வரை தொடருங்கள். அப்புறம் ஒரு சின்னச் சோதனை: ஒரே பூஞ்சையைக் கடல்நீர் அகரிலும் சாதா அகரிலும் வளர்த்து விட்டத்தை அளந்து பாருங்கள். உப்பில் தாராளமாக வளர்வது கடலுக்குப் பழகியது. இரண்டிலும் ஒரே மாதிரி வளர்ந்தால், "கடலிலிருந்து கிடைத்த பூஞ்சை" என்று மட்டும் எழுதுங்கள். "கடல் பூஞ்சை" என்ற பட்டத்தை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். சாக்கடையும் மழைநீரும் சேரும் கழிமுகத்தில் நிலத்துப் பூஞ்சை இருக்கத்தான் செய்யும்.

அடையாளத்துக்கு, பூஞ்சைகளை இனம் காண வழக்கமாகப் பார்க்கும் ஐ.டி.எஸ். பகுதியின் டி.என்.ஏ. வரிசை முதல் படி. ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியத்துக்கு அது மட்டும் போதாது. பீட்டா டியூபுலின், கால்மோடுலின் மரபணுக்களும் பார்த்தால்தான் இனம் உறுதியாகும்.

பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ் நுரையீரலைத் தாக்கும். வித்து பறக்கும் தட்டைத் திறந்த மேசையில் திறக்காதீர்கள், உயிரியல் பாதுகாப்புப் பெட்டிக்குள் மட்டும் திறங்கள்.

நான்காம் படி: வளர்த்துச் சாறு எடுப்பது

ஒரே பூஞ்சை, உணவை மாற்றினால் வேறு வேறு பொருள் தரும். அதன் மரபணுத் தொகுப்புகளில் பல சாதாரண ஆய்வக நிலையில் வேலையே செய்வதில்லை. அதனால் ஒவ்வொரு பூஞ்சையையும் குறைந்தது இரண்டு ஊடகத்தில் வளருங்கள். ஒன்று திரவம், மற்றொன்று அரிசி.

அரிசி ஊடகம் தயாரிப்பது எளிது. ஒரு லிட்டர் குடுவையில் 100 கிராம் அரிசி, அதே அளவு கடல்நீர். ஓர் இரவு ஊறவிட்டு, 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்து, ஆறியதும் பூஞ்சையைச் சேர்த்து, அசைக்காமல் நான்கு வாரம் வைப்பது. அரிசி மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சில பூஞ்சைகளில் ரத்தச் சிவப்பாகும். பிறகு எதைல் அசிட்டேட் ஊற்றி ஊறவைத்து வடிகட்டி, ரோட்டரி எவாப்பரேட்டரில் வற்றவிட்டால் சாறு தயார்.

இங்கே ஒரு வேலையைத் தவறவிடவே கூடாது: பூஞ்சை சேர்க்காத வெறும் அரிசிக் குடுவை ஒன்றையும் அதே நான்கு வாரம் வைத்து, அதே மாதிரி சாறு எடுங்கள். அரிசியிலேயே லினோலெயிக், ஒலெயிக் போன்ற கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. லிபேஸையும் பி.டி.பி.1பி-யையும் அவையே ஓரளவு தடுக்கும். இந்த வெற்றுச் சாறு இல்லாமல் வந்த "பூஞ்சைச் சாறு தடுத்தது" என்ற முடிவை நான் ஏற்பதில்லை. சாற்றை 90 சதவீத மெத்தனாலில் கரைத்து ஹெக்சேனால் கழுவினால் கொழுப்பில் பெரும்பகுதி ஹெக்சேனோடு போய்விடும். சோதனைக்கு மெத்தனால் பகுதியை எடுங்கள்.

ஐந்தாம் படி: லிபேஸ் சோதனை

இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏமாற்றம் அதிகம் நடக்கும் இடம் இது.

அடிப்படை இதுதான். பாரா நைட்ரோஃபீனைல் ப்யூட்டிரேட் நிறமற்றது. லிபேஸ் அதை உடைத்தால் பாரா நைட்ரோஃபீனால் வெளிவரும், அது மஞ்சள். 405 நானோமீட்டரில் மஞ்சள் ஏறும் வேகத்தை அளக்கிறோம். தடுப்பான் இருந்தால் மஞ்சள் மெதுவாக ஏறும்.

பன்றிக் கணைய லிபேஸைக் குளிர்ந்த தாங்கல் கரைசலில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல், பஃபர்) கலக்கி, சுழற்றி, தெளிந்த மேல்நீரை எடுங்கள். 96 குழித் தட்டில் நொதியும் சாறும் சேர்த்து 15 நிமிடம் 37 டிகிரியில் வையுங்கள். ஆர்லிஸ்டாட் நொதியோடு மெதுவாகப் பிணையும் என்பதால் இந்தக் காத்திருப்பு அவசியம். அப்புறம் பாரா நைட்ரோஃபீனைல் ப்யூட்டிரேட்டைச் சேர்த்து நிமிடத்துக்கு ஒரு முறை படியுங்கள். கரைப்பான் டி.எம்.எஸ்.ஓ. எல்லாக் குழியிலும் ஒரே அளவு, ஒரு சதவீதத்துக்கு மேல் போகாமல் இருக்கட்டும். ஆர்லிஸ்டாட் குழிகள் ஒவ்வொரு தட்டிலும் வேண்டும். அது வேலை செய்யாத தட்டின் கணக்கைத் தூக்கிப் போடுங்கள்.

இனி சந்தேகங்கள். "சார், தொண்ணூறு சதவீதம் தடுக்குது சார்!" என்று மாணவர் ஃபோன் செய்தால் நான் முதலில் கேட்பது, "சாறு என்ன நிறம்பா?" என்றுதான். பூஞ்சைச் சாறு பலதும் மஞ்சள், ஆரஞ்சு. அவையும் 405இல் ஒளியை உறிஞ்சும். நொதி சேர்க்காமல் சாறும் பாரா நைட்ரோஃபீனைல் ப்யூட்டிரேட்டும் மட்டும் உள்ள குழி ஒன்று ஒவ்வொரு சாற்றுக்கும் வேண்டும். ஒற்றை அளவீட்டை நம்பாமல் வேகத்தைக் கணக்கிடுங்கள், நிறத்தின் தொல்லை பாதி குறையும்.

அடுத்து அமிலம். பாரா நைட்ரோஃபீனாலின் மஞ்சள், கரைசல் காரமாக இருந்தால்தான் தெரியும், பி.எச். 7க்குக் கீழே போனால் நிறமே மங்கிவிடும். பூஞ்சைகள் அமிலங்களை அள்ளித் தருபவை. நொதி நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும், நிறம் மட்டும் வெளுத்திருக்கும், நாம் தடுப்பான் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவோம். வலுவான தாங்கல் கரைசல் பயன்படுத்தி, சாறு சேர்த்தபின் பி.எச். அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இன்னொரு வழி: சாற்றோடு பாரா நைட்ரோஃபீனாலையே நேரடியாகச் சேர்த்து, மஞ்சள் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் குற்றவாளி சாறு.

மூன்றாவது, சில பொருள்கள் நீரில் திரண்டு சின்னச் சின்ன உருண்டைகளாகி, எந்த நொதியைப் போட்டாலும் அதைத் தம்மேல் ஒட்டிக்கொண்டு செயலிழக்கச் செய்யும். 0.01 சதவீத ட்ரைட்டான் எக்ஸ்-100 என்ற டிடர்ஜென்ட்டைச் சேர்த்துச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். தடுப்பு மறைந்தால் அது உண்மையான தடுப்பு இல்லை. லிபேஸின் வேகத்தையே டிடர்ஜென்ட் மாற்றும் என்பதால், சாறு இல்லாத ட்ரைட்டான் குழியோடுதான் ஒப்பிட வேண்டும்.

இவை எல்லாவற்றையும் தாண்டி நிற்பதற்கு அளவு-விளைவு வரைபடம் போடுங்கள். 50 சதவீதம் தடுக்கும் அளவு மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் மேலே போகலாம் என்பது என் எல்லைக்கோடு. கடைசியில் ட்ரையோலெயின் போன்ற உண்மையான கொழுப்பை வைத்து, பித்த உப்போடும், லிபேஸுக்குத் துணைநிற்கும் கோலிபேஸ் புரதத்தோடும் ஒருமுறை பாருங்கள். ப்யூட்டிரேட்டை எஸ்டரேஸ் நொதிகளும் உடைக்கும், குடலில் நடப்பதை அது அப்படியே காட்டாது.

ஆறாம் படி: கொழுப்புச் செல் சோதனை

செல் கல்ச்சர் வசதி உள்ளவர்களுக்கு. 3டி3-எல்1 என்ற எலி முன்கொழுப்புச் செல்களைப் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் செல் சேமிப்பகத்திலிருந்து வாங்கலாம். செல்கள் தட்டை நிரப்பி இரண்டு நாள் ஆனதும், ஐ.பி.எம்.எக்ஸ்., டெக்ஸாமெதசோன், இன்சுலின் மூன்றும் கலந்த ஊடகத்தைக் கொடுக்க வேண்டும். இரண்டு நாளுக்குப் பிறகு இன்சுலின் மட்டும், அப்புறம் சாதா ஊடகம். எட்டாவது, பத்தாவது நாளில் நுண்ணோக்கியில் பார்த்தால், நீண்டு மெலிந்திருந்த செல்கள் உருண்டு, உள்ளே பளபளக்கும் துளிகள் வளையம் வளையமாக நிற்கும். ஆயில் ரெட் ஓ சாயம் போட்டால் துளிகள் சிவக்கும். சாயத்தை ஐசோப்ரோபனாலில் கரைத்து 510 நானோமீட்டர் பக்கம் அளந்தால் கொழுப்பின் அளவு.

சாறு கொடுத்த குழியில் சிவப்பு குறைந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். கொழுப்பு சேரவில்லை, அல்லது செல்லே இல்லை. செல் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும் எம்.டி.டி. சோதனை செய்து, செல்லைக் கொல்லாத அளவில் மட்டும் வேலை செய்யுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அது போதாது. இந்தச் செல்கள் மாற்றம் தொடங்கிய முதல் இரண்டு நாளில் மறுபடி ஒன்றிரண்டு முறை பிரிகின்றன. செல் பிரிவதைத் தடுக்கும் எந்தப் பொருளும், கொல்லாமலே, கொழுப்பு சேர்வதை நிறுத்திவிடும். பூஞ்சைகள் அப்படிப்பட்ட பொருள்களை நிறையவே தயாரிக்கின்றன. அது புற்றுநோய் ஆய்வாளருக்கு வேண்டுமானால் சுவாரசியம், நமக்கு உதவாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நேர்வழி இருக்கிறது. சாற்றை ஒரு தட்டில் முதல் இரண்டு நாள் மட்டும், இன்னொரு தட்டில் நான்காம் நாளுக்குப் பிறகு மட்டும், மூன்றாவதில் முழு நேரமும் கொடுங்கள். கூடவே முதல் மூன்று நாளும் செல்களை எண்ணுங்கள். முதலில் கொடுத்தபோது மட்டும் வேலை செய்து, செல் எண்ணிக்கையும் ஏறாமல் நின்றிருந்தால், அதைக் கீழே வையுங்கள். பிறகு கொடுத்தும் துளிகள் குறைந்தால், கொழுப்புச் செல்லாக மாறுவதை இயக்கும் பி.பி.ஏ.ஆர். காமா, சி/இ.பி.பி. ஆல்ஃபா மரபணுக்களின் செயல் அளவைப் பார்க்கும் செலவுக்கு அது தகுதியானது.

இந்தப் பக்கம் ஏற்கெனவே நடந்திருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கொரிய ஆய்வாளர்கள் கடலோரப் படிவில் கிடைத்த காஸ்மோஸ்போரா வகைப் பூஞ்சையிலிருந்து அக்வாஸ்டாட்டின் ஏ என்ற பொருளைப் பிரித்து, பி.டி.பி.1பி-யை 0.19 மைக்ரோமோலாரில் பாதியாகத் தடுக்கிறது என்று 2009இல் காட்டினார்கள். கடலிலிருந்து கிடைத்த ஆஸ்பெர்ஜில்லஸ் டெர்ரியஸிலிருந்து 2015இல் வெளியான டெர்ரெலூமமைடுகள், இன்சுலினுக்குத் துணைபோகும் கொழுப்புச் செல் ஹார்மோனான அடிபோனெக்டினின் சுரப்பைச் செல்களில் கூட்டின. இவை ஆய்வகத் தட்டு நிலையில் உள்ளவை. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல அளவுகோல்கள்.

ஏழாம் படி: பழையதா, புதியதா?

பிரித்தெடுக்கும் வேலைக்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், பின்பு இல்லை. சாற்றை, பொருள்களைப் பிரித்து அவற்றின் நிறையை அளக்கும் எல்.சி.-எம்.எஸ். கருவியில் ஓட்டி, கிடைக்கும் நிறைகளை இயற்கைப் பொருள் தரவுத்தளங்களோடு ஒப்பிடுங்கள். ஜி.என்.பி.எஸ். தளம் இலவசம். எர்கோஸ்டெரால் பெரும்பாலான பூஞ்சைகளின் செல் சவ்வில் உண்டு. அதைக் கண்டு மகிழ வேண்டாம். பெனிசிலியம் சிட்ரினத்தில் சிட்ரினின், சில ஆஸ்பெர்ஜில்லஸில் ஆக்ராடாக்சின், அஃப்ளாடாக்சின், கிளியோடாக்சின் வரும். இவை நஞ்சுகள். இவற்றின் நிறை தென்பட்டால் சாற்றின் செயலுக்கு முதல் சந்தேகம் அவற்றின் மேல்தான்.

தெரிந்த பொருளாக இருந்து, லிபேஸ் பற்றி யாரும் அதைச் சோதித்திருக்காவிட்டால், அதுவும் நல்ல புராஜெக்ட்தான். புதுப் பொருள் மட்டும்தான் ஆய்வு என்று நினைக்க வேண்டியதில்லை.

மீதியைப் பிரிப்பது வழக்கமான பாதை: சிலிக்கா, செஃபடெக்ஸ் எல்.எச்.-20, எச்.பி.எல்.சி. என்று ஒன்றன்பின் ஒன்றாக நிறப்பிரிகை (குரோமடோகிராபி) முறைகள். ஒவ்வொரு பகுதியையும் லிபேஸ் சோதனைக்குத் திரும்பக் கொண்டுபோய், செயல் எங்கே போகிறதோ அதைப் பின்தொடருங்கள். அமைப்பைக் கண்டறிய என்.எம்.ஆர். வேண்டும். ஐ.ஐ.டி. பாம்பேயில் உள்ள உயர் பகுப்பாய்வுக் கருவி மையம் வெளி மாணவர்களின் மாதிரிகளையும் கட்டணத்துக்கு எடுத்துக்கொள்கிறது.

எட்டாம் படி: உயிருள்ள விலங்கில்

எம்.எஸ்ஸி. புராஜெக்ட் ஏழாம் படியோடு நின்றால் எனக்கு முழுத் திருப்தி. பிஎச்.டி.காரர்கள் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் நைல் ரெட் சாயம் போட்டு, உடல் கொழுப்பு குறைகிறதா என்று பார்க்கலாம். மூன்று நாள் வயதுக் குஞ்சுகளுக்கு இரண்டு நாள் பொருளைக் கொடுத்து, ஒளிர்வை அளப்பது வழக்கம், ஒப்பீட்டுக்கு, இந்தச் சோதனையில் கொழுப்பைக் குறைப்பது தெரிந்த ரெஸ்வெரட்ரால். குஞ்சு வளைந்திருக்கிறதா, நீந்துகிறதா என்றும் பாருங்கள். நோயுற்ற மீனும் மெலியும்.

எலிகளிலும் இதே எச்சரிக்கை. கொழுப்பு உணவு கொடுத்த எலிக்கு எடை குறைந்தது என்றால், அது குறைவாகச் சாப்பிட்டதாலா என்று முதலில் கேட்க வேண்டும். அதே அளவு தீனி மட்டும் பெற்ற இன்னொரு குழு இல்லாமல் பதில் சொல்ல முடியாது. விலங்கு எதுவானாலும் நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு அனுமதி முதலில், சோதனை பிறகு.

வீட்டிலிருந்து வரும் கேள்வி

"கடல் பூஞ்சையில எடை குறைக்க மருந்து இருக்காமே, நமக்குக் கொஞ்சம் தாயேன்" என்று சித்தியோ பக்கத்து வீட்டு மாமியோ கேட்பார்கள். கொடுக்கவே கூடாது. ஒரு சாற்றில் நூற்றுக்கணக்கான பொருள்கள். அவற்றில் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு இருக்கலாம். "கடல் பூஞ்சைச் சத்து" என்று யாராவது பொடி விற்றாலும் வாங்க வேண்டாம். உடல் பருமனுக்கான அங்கீகாரம் பெற்ற கடல் பூஞ்சை மருந்து எதுவும் இன்று இல்லை. எடை கவலை தருகிறதென்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள். இந்தியர்களுக்கு உடல் நிறை எண் 23க்கு மேலேயே கவனிக்க வேண்டும். ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டுவது எச்சரிக்கை என்பதையும் சொல்லி அனுப்புங்கள்.

கடைசிப் படி: சேமிப்பும் சட்டமும்

செயல் காட்டிய பூஞ்சை ஆறு மாதத்தில் தட்டிலிருந்து தட்டுக்கு மாறி மாறி அந்தப் பொருளைத் தயாரிப்பதையே நிறுத்திவிடலாம். முதல் தூய கல்ச்சரிலிருந்தே சேமிப்பு எடுங்கள்: கிளிசராலில் மைனஸ் 80 டிகிரியில் சில குழாய்கள், கிருமி நீக்கிய நீரில் அகர் துண்டுகளாகச் சில, சாய்வு அகரில் மினரல் ஆயில் ஊற்றிச் சில. மும்பையில் மழைக்காலத்தில் ஃபிரீசர் நின்றுபோனால் கடைசி இரண்டும்தான் காப்பாற்றும். ஒரு பிரதியைப் புனேயின் அகர்கர் ஆராய்ச்சி நிறுவனத்தில் உள்ள தேசியப் பூஞ்சைச் சேமிப்பகத்தில் ஒப்படைத்து எண் வாங்கிவிடுங்கள். கட்டுரை வெளியிடும்போது அந்த எண்ணைக் கேட்பார்கள்.

காப்புரிமை எண்ணம் இருந்தால் கட்டுரையோ போஸ்டரோ வெளிவரும் முன்பே வழிகாட்டியிடம் பேசுங்கள். இந்திய உயிர்வளத்தை வைத்துக் காப்புரிமை கோருவதற்கும், வெளிநாட்டு ஆய்வகத்துக்குக் கல்ச்சரை அனுப்புவதற்கும் 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் பொருந்தும். 2023 திருத்தங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதை நடைமுறைப்படுத்தும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அலுவலகம் சென்னை தரமணியில் இருக்கிறது. விண்ணப்பத்தில் சேறு எடுத்த இடமும் தேதியும் கேட்பார்கள், முதல் நாள் பையின் மேல் எழுதிய விவரங்களை அப்படியே நோட்டிலும் ஏற்றி வையுங்கள்.